புளியமரத்துக்கு அந்தப் பக்கம் சுழன்ற கல்

நீ எனக்குச் செய்தது அநியாயம். சாலையில் மரம் விழப்போகிறது என்று தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லை. நீ செத்துப்போய்விட்டாய் என்பதற்காக நான் அதை மாற்றி எழுதப் போவதில்லை. இரங்கல் எழுதித் தரச் சொல்லி உன் தம்பி கேட்டான். இதுதான் என்னிடம் இருக்கிறது.

இன்று காலை வடக்கனந்தல் சாலையில், அகலப்படுத்தும் வேலைக்காக மிச்சமிருந்த புளியமரங்களை மிஷின் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை மரத்தூளின் வாடை மூக்கில் ஏறியதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதே வாடை. அதற்குள் நீ நிற்கிறாய், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், நீ பத்தாம் வகுப்போடு. கள்ளக்குறிச்சியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை, எதிரில் உனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து, தொலைநோக்கியின் குழியாடிக்காகத் தடிமனான கண்ணாடி வில்லை ஒன்றைத் தேய்க்கத் தொடங்கினோம். எண்ணெய் டிரம்மின் மேல் வில்லையை வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி வந்து தேய்க்க வேண்டும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "இன்னாப்பா, செக்கு ஆட்றீங்களா? எண்ணெ வருதா?" என்று கேட்பார்கள். "வருது, சொம்பு எடுத்துக்கினு வா" என்பாய் நீ.

தொலைநோக்கியைக் கல்வராயன் மலையில், கரியாலூர் தாண்டி, நமக்குத் தெரிந்த மலைக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறையில் நிறுத்தினோம். நமக்கு நிலாவும் சனியின் வளையமும் போதவில்லை. பூமிக்குப் பக்கத்தில் வந்து போகும் சின்னச் சின்னக் கற்கள்தான் நம்மைப் பிடித்துக்கொண்டன. மலைபோல இருக்கும் கல்லும் வானத்தில் ஒரு புள்ளிதான். அதன் உருவத்தை யாரும் பார்க்க முடியாது. ஆனால் அது சுழலும்போது வெளிச்சம் கூடும், குறையும். நீள வாட்டம் நம் பக்கம் திரும்பினால் பிரகாசம், முனை திரும்பினால் மங்கல். அதை வைத்து அது எவ்வளவு நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே அதன் சுற்றைச் சொல்பவன் நான். எனக்கு இது வெளிநாட்டு வித்தையாகத் தோன்றவில்லை.

நமக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஒருவன் கண்ணை வைத்துப் பார்ப்பான். பக்கத்து விண்மீன்கள் இரண்டை அளவாக வைத்துக்கொண்டு, கல்லின் பிரகாசத்துக்கு ஒன்று முதல் பத்துவரை ஓர் எண் சொல்வான். மற்றவன் ரேடியோவுக்குச் சரிசெய்த கடிகாரத்தில் நேரம் பார்த்துக் குறித்துக்கொள்வான். பார்க்கிறவனிடம் நேரத்தைச் சொல்லக் கூடாது, முந்தைய எண்ணையும் நினைவூட்டக் கூடாது. சொன்னால், இப்போது மங்க வேண்டும் என்று மனது எதிர்பார்க்கும். கண்ணும் மங்கலாகவே பார்க்கும். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். நீ அதை எப்படித் திருப்பி என்மேல் வீசினாய் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் ஒரு கல் வெகு பக்கமாக வந்தது. வானாய்வுக் கூடம் ஒன்றுக்கு எழுதிக் கேட்டு, அது எங்கே தெரியும் என்று வாங்கி வைத்திருந்தோம். முதல் இரவு நீ பார்த்தாய், நான் எழுதினேன். "எட்டு... ஏழு... நாலு..." உன் குரல் இறங்கிக்கொண்டே போனது. "ரெண்டு" என்று சொல்லிவிட்டுச் சட்டத்தை மறந்து கத்தினாய்: "டேய், மல்லாட்டை மாதிரி நீட்டமா இருக்குதுடா! முனையைக் காட்டுது!" விடியும்வரை அந்த வேர்க்கடலை மங்கி எழுந்து மங்கி எழுந்து சுழன்றது. நம் இரண்டு பேரையும் தவிர அதை இந்தப் பக்கத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்த இரவும் பார்த்தாக வேண்டும். அன்று பார்க்கும் முறை என்னுடையது, எழுதும் முறை உன்னுடையது. ஓர் இரவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சுற்றின் நேரத்தைச் சுமாராகத்தான் சொல்ல முடியும். தொடர்ந்து பார்த்தால்தான் நடுவில் எத்தனை சுற்று என்ற எண்ணிக்கை தவறாமல் நிற்கும்.

காலையில் வேலைக்காகக் கீழே இறங்கினோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது நீ, "மத்தியானமே மலை ஏறிடு, சாயங்காலம் வரிக்கும் இருக்காத" என்றாய். சங்கராபுரத்துக்காரர் ஒருவரின் மோட்டாரை அன்று முடித்துத் தரவேண்டும் என்றேன். "மோட்டாரு கெடக்குது, நீ ஏறிடு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அதுவே எச்சரிக்கை என்று பிற்காலத்தில் உன் தம்பி என்னிடம் வாதாடினான். காரணம் சொல்லாமல் சொன்னது எச்சரிக்கை ஆகாது. அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

இடஒதுக்கீடு கேட்டு உங்கள் ஜனம் மறியல் செய்யப்போகிறது என்பது ஊருக்கே தெரியும். அது அன்றைக்கு, அந்தச் சாலையில் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். நான் உங்கள் ஜனம் இல்லை.

இருட்டுகிற நேரத்தில் மொபெட்டில் போனேன். வடக்கனந்தல் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. இலைகூட வாடவில்லை. கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"எங்கப்பா போற? இன்னிக்கி ரோடு கெடையாது."

"மலைக்குப் போவணும்ங்க."

"இன்னாத்துக்கு?"

"வானத்துல ஒரு கல்லு வருது, பாக்கணும்."

சிரிப்பு வெடித்தது. "கல்லு வானத்துலதான வருது, அதுக்கு எதுக்குய்யா ரோடு?"

அந்தச் சிரிப்புக்கு நடுவே ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். நீ சிரிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் வந்து, "திரும்பிப் போயிடு. இது ஒண்ணு இல்ல, அடிவாரம் வரிக்கும் கெடக்குது" என்றாய்.

"இன்னிக்கி வுட்டா அது திரும்பி எப்ப வரும் தெரியுமாடா?"

"என் தம்பிக்கு வயசு தாண்டினா அது எப்ப வரும், நீ சொல்லு."

மார்க் வாங்கியும் இடம் கிடைக்காமல் அவன் உன் கடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்ததை நான் தினமும் எதிரில் பார்த்தவன். ஆனாலும் அதனால் நீ செய்தது நியாயம் ஆகிவிடாது.

மொபெட்டை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். ஒரு மரம் ஏறி இறங்கினால் அடுத்த மரம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்குப் பக்கத்தில் போனபோது கால் ஓய்ந்துவிட்டது. மேகமே இல்லாத வானம். கல் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியாது என்பதும் தெரியும். விடியும்வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் முழுக்கச் சாலை திறக்கவில்லை. திறந்தபோது கல் சூரியன் பக்கம் போய்விட்டது.

போலீஸ்காரர்கள் உன்னைப் பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டார்கள். நான் கடைக்கு வந்து, "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். முகமெல்லாம் வீங்கியிருந்தும் நீ சிரித்தாய். "பாக்கறவன்கிட்ட நேரத்தைச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?" அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்வேன் என்று எதிர்பார்த்து என்னைப் பார்த்தாய். நான் சேரவில்லை. அதற்குப் பிறகு உன் கடைப் படி ஏறவில்லை. எதிர்ச் சாரியில் நீ இருக்க, மூக்குக்கண்ணாடிக்கு நான் சங்கராபுரம் போனேன். ஒன்றுகூட ஒழுங்காகப் பொருந்தவில்லை.

பல வருஷம் கழித்து அந்தக் கல் மறுபடி வந்தது. இப்போது பெரிய பெரிய தொலைநோக்கிகள். வெயில் பட்டுச் சூடேறும் கல், அந்தச் சூட்டை வெளியே விடும்போது மிகச் சின்னதாக ஒரு தள்ளு வாங்குகிறதாம். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்கில் சேர்ந்தால் சுழற்சி வேகம் கூடும், இல்லாவிட்டால் குறையும். அளவு மீறிக் கூடினால் கல் தன் உடம்பையே உதறிப் பிய்த்துக்கொள்ளும். இதைப் படித்தபோது உன் தம்பியை நினைத்தேன். தினம் தினம் யாரும் கவனிக்காத ஒரு தள்ளு அவனுக்கும் விழுந்துகொண்டுதானே இருந்தது.

அந்த மாற்றத்தை அளக்கப் பழைய கணக்கு வேண்டும் என்று வானாய்வுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். நம்முடைய முதல் நாள் குறிப்பை அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது: கவனமான வேலை, ஆனால் ஓர் இரவு மட்டும் இருப்பதால் சுற்றுகளின் எண்ணிக்கையைச் சேர்க்க முடியவில்லை, அடுத்த இரவும் இருக்கிறதா? பதிலைப் பையில் வைத்துக்கொண்டு உன் வீட்டுப் பக்கம் வந்தேன், சண்டை போடத்தான். தெருவில் பந்தல் போட்டிருந்தது.

இனி ஆகவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சாலைக்காரர்கள் வெட்டிய இடத்திலெல்லாம் புளியங்கன்று வைக்க வேண்டும். கூண்டு வைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனால் போதாது, வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். மனுக் கொடுத்தபோதே அரசாங்கம் படிக்க வேண்டும், மரம் விழுந்த பிறகு அல்ல. கல்லை ஆராய்கிறவர்கள், உதவாத இரவு என்றாலும் அதைப் பதிந்து, உன் பெயரை முதலில் போட வேண்டும். முனையைப் பார்த்த கண் உன்னுடையது. உன் தம்பி, உத்தியோகம் பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டான், அந்தக் கண்ணாடி வில்லைக்குப் புதுப் பூச்சு போட்டுக் கொண்டுவர வேண்டும். அடுத்த தடவை கல் வரும்போது அவன் என்னோடு பாறைக்கு ஏறி, நீ விட்ட இடத்தில் உட்கார்ந்து நேரம் எழுத வேண்டும். எனக்கு அந்த இரவு வரவேண்டிய பாக்கி.

நான் செய்யவேண்டியது, அதுவரை கண்ணைக் காப்பாற்றி வைத்திருப்பது. எண்ணை மட்டும் சொல்வேன். நேரம் கேட்க மாட்டேன்.