இடப்பக்கம் பத்து டிகிரி

மார்ச் 3, செவ்வாய்

நர்ஸின் வண்டி மறுபடி வந்து நிற்கிறது. கார் வழுக்குவது போல ஒரு படம் மஞ்சளாக எரியுமே, அந்த லைட். பக்கத்திலேயே ஸ்டீயரிங் படமும். போன வாரம்தான் கோளாறு பார்க்கும் ஸ்கேனரைப் போட்டு லைட்டை அழித்து அனுப்பினேன். நாற்பது கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை.

ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் சென்சார் நம்ப முடியாத அளவைக் காட்டுகிறதாம். நம்ப முடியாதது சென்சார் மட்டும்தானா? இந்த வண்டியில் கை வைத்தவர்கள் இரண்டே பேர். ஹாரன் அடிக்கவில்லை என்று பிப்ரவரியில் ஸ்டீயரிங்கைக் கழற்றி உள்ளே இருக்கும் சுருள் வயரை மாற்றியது நான். அதற்குப் பிறகு சக்கர அலைன்மெண்ட் பார்த்தது தம்பி. என் வேலை எனக்குத் தெரியும்.

மார்ச் 4, புதன்

சக்கரங்களை நேராக நிறுத்திப் பார்த்தேன். ஸ்டீயரிங்கும் நேர். ஸ்கேனரில் மட்டும் இடப்பக்கம் பத்து டிகிரி. நேராகப் போகும் வண்டி திரும்பிக்கொண்டிருப்பதாகச் சென்சார் சொல்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் பாவம், என்ன செய்யும்? யாரோ பொய் சொல்கிறார்கள் என்று லைட்டைப் போட்டுவிடுகிறது. உனக்கும் அதே குணம்தான் என்கிறார் வீட்டுக்காரர்.

பூஜ்யத்துக்குக் கொண்டுவரக் கட்டளை கொடுத்தேன். இந்த மாடல் ஐந்து டிகிரிக்கு மேல் தள்ளியிருந்தால் ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளவில்லை.

தம்பி பக்கத்தில் வந்து நின்றான். "சென்சார் நல்லாத்தான் இருக்கும்க்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டான். நிஜமாகவே, அவனுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 5, வியாழன்

இன்று மூன்று தடவை தம்பி போனை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் போனான். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று பேசுகிறான். நான் அந்தப் பக்கம் போனதும், "சரிங்க, அப்புறம் பேசறேன்." யாரிடம் அப்படியொரு மரியாதை?

மார்ச் 7, சனி

புது சென்சார் வந்தது. ஓட்டுபவர் காலடியில், ஸ்டீயரிங் தண்டின் அடிப்பக்கம் இருக்கிறது. சீட்டில் காலை வைத்துத் தலைகீழாகப் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம். கழுத்து பிடித்துக்கொண்டது. மாட்டி முடித்து ஸ்கேனரைப் பார்த்தேன்.

இடப்பக்கம் பத்து டிகிரி.

இரண்டு சென்சார்களும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்லுமா? சொல்லாது. அப்படியென்றால் கோளாறு சென்சாரில் இல்லை. சக்கரத்தில். சக்கரம் யார் வேலை?

நர்ஸுக்குத் திங்கட்கிழமை டியூட்டி, வண்டி வேண்டும் என்றாள். லைட்டை அழித்துக் கொடுத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

நர்ஸ் காலையிலேயே வந்தாள். நேற்று மழையில் பெரிய வளைவில் திரும்பியிருக்கிறாள்.

"நான் பிரேக்கைத் தொடவே இல்லைங்க. வண்டியே ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடிச்சு இழுத்துச்சு. பின்னால என் பொண்ணு உக்காந்திருந்தா."

வண்டி வழுக்குகிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டரே பிரேக் பிடித்திருக்கிறது. தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றதாம். அந்த ஒரு சாணை விரல் விரித்துக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "உங்க தம்பி போன வாரமே போன் பண்ணிச் சொன்னார், கொஞ்ச நாள் பஸ்ல போங்கன்னு. நான்தான் கேக்கல. லைட் வந்தா அக்காகிட்ட சொல்லாதீங்க, எங்கிட்ட சொல்லுங்கன்னும் சொன்னார்."

தொட்டி ஓரத்துப் பேச்சு இதுதானா? என் கஸ்டமரோடு, என் முதுகுக்குப் பின்னால்.

அவள் முன்னாலேயே அவனைக் கூப்பிட்டேன். "அலைன்மெண்ட்டைக் கெடுத்து வச்சுட்டு ஆளைத் தனியா வளைக்கிறியா? எங்க கடை போடப் போற?"

"நீ சொன்னபடிதான்க்கா செஞ்சேன்."

பூசி மெழுகாதே என்றேன். கூடப் பிறந்த திருடன் என்றும் சொன்னேன். அவன் தன் ஸ்பானர் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தான். நர்ஸ் வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் போனாள்.

மார்ச் 11, புதன்

வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

மார்ச் 12, வியாழன்

வரவில்லை. போனும் அணைந்திருக்கிறது. நான் கூப்பிடவில்லை, வீட்டுக்காரர்தான் கூப்பிட்டுப் பார்த்தார்.

மார்ச் 13, வெள்ளி

அவன் கெடுத்ததை நிரூபித்துவிட்டுத்தான் மறுவேலை என்று வண்டியைத் தூக்கினேன். முன்சக்கரங்களைப் பிடிக்கும் கம்பிகளில் மரையை எண்ணினேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இடப்பக்கம் அதிகம், வலப்பக்கம் குறைவு. மாட்டினான் என்று உள்ளுக்குள் ஒரு குஷி. அதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

அப்புறம் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முட்டுகிறவரை திருப்பினேன். ஒரு பக்கம் குறைவாகச் சுற்றுகிறது, மறுபக்கம் அதிகமாக. நடுப்புள்ளியே தள்ளியிருக்கிறது. ஸ்டீயரிங்கை நேராகக் கட்டி வைத்துவிட்டு அதற்கு ஏற்பச் சக்கரங்களைத் திருத்துவதுதான் அலைன்மெண்ட். அந்த ஸ்டீயரிங்கையே யாராவது கோணலாக மாட்டியிருந்தால் —

யாராவதா?

பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, ஏர்பேக்கை எடுத்து, ஸ்டீயரிங்கை உருவப் போனேன். தண்டின் முனையில் ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு. ஸ்டீயரிங்கில் ஒரு வெள்ளைக் கோடு. இரண்டும், தண்டைச் சுற்றியுள்ள பற்களில் ஒரு பல் விலகி நிற்கின்றன. ஒரு பல் என்றால் பத்து டிகிரி.

கோடு போட்டவன் தம்பி. போன வருஷம் அவன் அதைக் கழற்றி மாட்டியபோது போட்டது. பிப்ரவரியில் அந்தக் கோட்டை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இவன் போட்ட கோட்டை எப்படி நம்புவது என்று என் கண்ணளவில் மாட்டினேன். ஓட்டிப் பார்த்தபோது ஸ்டீயரிங் லேசாகக் கோணியது. அலைன்மெண்ட் சரியில்லை என்று அவன் தலையில் கட்டினேன். "ஸ்டீயரிங்கை ஒரு தடவை கழட்டிப் பாத்துடலாமாக்கா" என்று கேட்டான். என் வேலையை நீ சோதிக்கிறாயா என்று கத்தினேன். அதற்கப்புறம்தான், நான் சொன்னபடியே, என் கோணலுக்கு ஏற்றபடி நல்ல சக்கரங்களைத் திருப்பி வைத்தான்.

அந்தக் குழந்தை பின்சீட்டில் இருந்தது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 14, சனி

கோடும் கோடும் சேர மாட்டினேன். அலைன்மெண்ட்டை நானே பார்த்தேன், அரை நாள் பிடித்தது. அவனுக்கு நாற்பது நிமிஷம். ஸ்கேனரில் பூஜ்யம். அதே வளைவில் மூன்று தடவை ஓட்டினேன். லைட் வரவில்லை.

நர்ஸிடம் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். சாவியை வாங்கிக்கொண்டாள். "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

மார்ச் 16, திங்கள்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பட்டறையில் தம்பி சேர்ந்துவிட்டானாம். வீட்டுக்காரர் விசாரித்துக்கொண்டு வந்தார். பார்த்தீர்களா, முன்னாடியே பேசி வைத்திருக்கிறான் என்று வாய்வரை வந்துவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 18, புதன்

போனேன். தம்பி ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே வந்து உட்கார்ந்தான். தப்பு என்னுடையதுதான்டா என்றேன்.

"தெரியும்க்கா."

"எப்ப இருந்து?"

"அலைன்மெண்ட் பாத்த அன்னைக்கே."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"ஒரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவனிடம் இனி எதற்குப் பொய்? மாட்டேன் என்றேன். "உங்கிட்ட திரும்பச் சொல்லப் பயந்துக்கிட்டு அந்த நர்ஸுக்கு போன் பண்ணிட்டு இருந்தேன். என்மேலயும் தப்பு இருக்கு" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். திரும்பி வருவதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஏப்ரல் 8, புதன்

அந்தப் பட்டறை முதலாளி போன் செய்தார். ஒரு வண்டியில் எல்லா லைட்டும் எரிகிறது, அவருக்குப் பிடிபடவில்லையாம். "எலக்ட்ரிக்கல்னா எங்க அக்காவைத்தான் கூப்பிடணும்னு உங்க தம்பி சொன்னாரு." முதலில் என் மனதுக்குத் தோன்றியது, இதில் என்ன உள்குத்து என்றுதான். ஒரு நிமிஷம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெட்கப்பட்டேன்.

திரும்பி வந்துவிடுடா என்று கேட்பது எப்படி என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பின்சக்கரத்துக்கு அருகில் ஒரு வயர் அறுந்திருந்தது. நான் அதை ஒட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் தம்பி வேறொரு வண்டியை முடித்து இறக்கினான். முதலாளி வந்து, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றான் தம்பி. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவன் சொன்னதே போதும் என்று சாவியை எடுத்து வெளியே காத்திருந்தவரிடம் கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்துவிடு என்று நான் கேட்கவில்லை. வேலையை முடித்து, அவனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.