இருபதாவது கேள்வி

பாளையங்கோட்டை
12.7.2004

அன்புள்ள மதினிக்கு,

ஊசி மருந்தெல்லாம் முடிந்து தெம்பாக நடமாடுவீர்கள் என்று நம்புகிறேன். ‘கட்டி கரைஞ்சிட்டு வருது, கவலப்படாதளா’ என்று அண்ணன் போனில் சொன்னான். வல்லக்கோட்டை முருகனுக்கு என் பெயரிலும் ஒரு கற்பூரம் ஏற்றுங்கள்.

ஒரு உதவி வேண்டும். இந்த வருஷம் எனக்கு ஆராய்ச்சி செய்யும் முறைகளைச் சொல்லித் தருகிறார்கள். நீண்ட நாள் நோயாளிகளின் மனசைக் கவனிப்பது பற்றி என் ஆராய்ச்சி. முப்பது கேள்விகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியிருக்கிறேன். ‘கல்லூரிப் பக்கம் போகாத ஒருவரிடம் காட்டு, அவருக்குப் புரிந்தால்தான் அது தமிழ்’ என்கிறார் பேராசிரியை. எதிலும் குறை கண்டுபிடிக்க உங்களை விட்டால் யார்? புரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டு அனுப்புங்கள். பதில் எழுத வேண்டாம்.

அன்புடன்,
கவியா


வல்லக்கோட்டை
21.7.2004

அன்பு கவியாவுக்கு,

நீ வராமல் தாளை மட்டும் அனுப்புகிறாய், பெரிய படிப்புக்காரி ஆகிவிட்டாய் பார். கோடு போட்டுப் போட்டே பேனா மை தீர்ந்தது. ‘எதிர்காலம் குறித்த நம்பிக்கையின்மையை உணர்கிறீர்களா?’ இதை வீட்டுக்காரம்மா ராஜம்மாவிடம் படித்துக் காட்டினேன். ‘இன்னாமே இது, வக்கீல் நோட்டீஸா?’ என்றாள். ‘இனிமேல் என்ன இருக்கிறது என்று தோன்றுகிறதா?’ என்று கேள், எல்லோருக்கும் புரியும்.

இருபதாவது கேள்விக்கு மட்டும் கோடு போடவில்லை. ‘ஆறு முறை மருந்து ஏற்றிய பின், அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்களில் தூக்கம் வருகிறதா?’ நன்றாகவே புரிந்தது.

எனக்கும் ஆறு முறைதான் ஏற்றினார்கள். எனக்கும்தான் முடி கொட்டியது. சாதாரணக் கட்டிக்கு யாருக்கடி முடி கொட்டும்? நோயின் பெயர் போட்ட முதல் பக்கத்தைக் கழற்றிவிட்டு அனுப்பியிருக்கிறாய். பின் குத்திய இடத்தில் அதன் மூலை கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒயர் கம்பெனியில் நாலு வருஷம் செக்கிங்கில் இருந்தவளிடமா இந்த வேலை?

என்ன நோய் என்று எப்போதோ ஊகித்துவிட்டேன். உன் அண்ணன் மறைக்கப் படும் பாட்டைப் பார்த்து, பாவம் என்று நானும் தெரியாதவளாகவே இருந்தேன். ஆனால் ஆபரேஷன் என்று ஒன்று உண்டென்று யாரும் சொல்லவில்லை. மருந்து முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. எப்போது செய்திருக்க வேண்டும்? அண்ணனைக் கேட்காமல் எனக்குப் பதில் போடு.

முப்பது கேள்விக்கும் பதில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றாயே, அதனால்தான் எழுதினேன்.

உன் மதினி,
இசக்கிசெல்வி


பாளையங்கோட்டை
28.7.2004

அன்புள்ள மதினிக்கு,

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். மார்பில் புற்றுநோய். எங்களுக்கு ஜனவரியிலேயே தெரியும். அம்மா படத்துக்கு முன்னால் அண்ணன் என்னைச் சத்தியம் செய்ய வைத்தான்.

மருந்து முடிந்த ஒரு மாதத்துக்குள் மார்பை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் அவனிடம் சொன்னார். ‘ஆபரேஷன்னா அவளுக்குத் தெரிஞ்சு போயிரும்லா. தெரிஞ்சா உசுரை விட்ருவா’ என்று தள்ளிக்கொண்டே போனான். உடனே போங்கள் மதினி. இன்னும் காலம் கடந்துவிடவில்லை. அந்தத் தாளை உங்களுக்கு ஏன் அனுப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. வாயால் சொல்லத் துணிவில்லாமல் தபாலில் போட்டேனோ என்னவோ.

உங்கள் பதில்களைப் பேராசிரியையிடம் காட்டினேன். தன் நோய் தெரியாதவர்களையும் சொந்தக்காரர்களையும் ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது, ஒதுக்கி வை என்றார். அதுதான் விதி.

மன்னிப்புக் கேட்கும்,
கவியா


வல்லக்கோட்டை
9.8.2004

கவியா,

உசுரை விட்டுவிடுவேனாமா? உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து பத்து வருஷம் ஆகிறது, அதற்கே விடவில்லை.

வாலாஜாபாத்தில் பஸ் மாறி ஒற்றையாளாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ‘வீட்டுக்காரரை அழைச்சிட்டு வாங்கம்மா, அவர்கிட்ட பேசுறேன்’ என்றார் டாக்டர். ‘ஒடம்பு என்னோடது சார், எங்கிட்ட சொல்லுங்க’ என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும். கடைசியில் சொன்னார். தாமதம்தான், ஆனாலும் செய்யலாம். இருபத்து மூன்றாம் தேதி.

ஷிப்ட் முடிந்து வந்த உன் அண்ணனிடம் தேதியைச் சொன்னேன். ‘அந்தக் கழுததான் சொல்லிச்சா? இனி அவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது’ என்று கத்தினார். பிறகு யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதார். யாரால் தாங்க முடியாது என்று இப்போது தெரிகிறதா?

அடுத்தது உன் விதி. லைனில் நல்ல பீஸை மட்டும் பார்த்து ‘எல்லாம் ஓகே’ என்று நான் எழுதியிருந்தால் சூப்பர்வைசர் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பான். ஒதுக்கிய பெட்டியைக் கொட்டிப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் மூன்று பெண்கள். என்னம்மா உடம்புக்கு என்றேன். மூவரும் ‘கட்டி’ என்றார்கள். மூவரையும் ஒதுக்கிவிட்டு யாருடைய மனசைக் கவனிக்கப் போகிறீர்கள்? பேராசிரியையிடம் நான் கேட்டதாகவே கேள். அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பது உன் படிப்பு, கண்டுபிடி. என் தாளைக் குப்பையில் போட்டால் உன்னை விடமாட்டேன்.

இசக்கிசெல்வி


பாளையங்கோட்டை
17.8.2004

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் பேராசிரியைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் கூப்பிட்டு, ‘சரியாத்தான் கேக்காங்க’ என்றார். தெரியாதவர்களிடம் போய்க் கேட்டு நாமே உண்மையை உடைத்துவிடக் கூடாது. அதனால் மறைக்கிறவர்களைக் கேட்கப் போகிறேன். ஏன் மறைக்கிறார்கள், அதனால் சிகிச்சை எத்தனை நாள் தள்ளிப் போகிறது என்று. எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும், படிப்பு முடிய ஒரு வருஷம் கூடும். சரி என்றேன். உங்கள் தாள் மட்டும் சொந்தக்காரர் என்பதால் கணக்கில் வராது. வாதாடித் தோற்றேன். பத்திரமாக என் பெட்டியில் இருக்கிறது.

நான் வந்தால் ஆஸ்பத்திரியில் கால் வைக்கமாட்டேன் என்கிறான் அண்ணன். அன்றைக்கு உங்கள் பக்கத்தில் அவன் இருக்கவேண்டும். அதனால் வரவில்லை. எனக்கு இங்கே இருப்பு கொள்ளவில்லை, மதினி.

கவியா


ஆஸ்பத்திரி
30.8.2004

அன்பு கவியாவுக்கு,

எடுத்துவிட்டார்கள். வலது கையை அசைக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். கோழி கிளறிய மாதிரி இருக்கும் எழுத்தைப் பார்த்தாலே யாரென்று தெரிந்திருக்கும்.

வலிக்கிறது. கண்ணாடி பார்க்க இன்னும் மனசு வரவில்லை. நேற்று நன்றாக அழுதேன். எதற்காக அழுகிறேன் என்று தெரிந்து அழுதேன், அதுவரைக்கும் நல்லது.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இவர் ‘கட்டியை எடுத்துட்டாக’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்திலும் அப்படியே எழுதினார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். எனக்கு வந்தது புற்றுநோய் என்று எழுதச் சொன்னேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாங்கிவந்த இட்லி ஆறிப்போனது. நான் விடவில்லை. இதோ, எழுதிவிட்டார்.

மறைக்கிறவர்களைக் கேட்கப் போவதாகச் சொன்னாயே. ஒருவர் இங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். சொந்தக்காரர், கணக்கில் வராது என்பார் உன் பேராசிரியை. வராவிட்டால் போகட்டும். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வா.

உன் மதினி,
இசக்கிசெல்வி

கவியா, இந்த வரி உன் மதினி சொல்லி எழுதியதில்லை. வந்து கேள். சொல்லுகிறேன்.
— அண்ணன்