திங்கட்கிழமைச் சொல்

என் தங்க அப்பாவுக்கு,

பயப்படாமல் படியுங்கள், இதில் எந்த லிங்க்கும் இல்லை.

தாராவிச் சந்திலிருந்து ராணுவத்துக்குப் போனீர்கள். எல்லையில் வயர்லெஸ்ஸுக்குக் காது கொடுத்தே கர்னல் ஆனீர்கள். ஓய்வுக்குப் பிறகு அரசாங்கத்தின் சைபர் பாதுகாப்பு அலுவலகம். அங்கே உங்கள் ஆட்களுக்கு நீங்களே போலி மெயில் அனுப்பி, யார் மாட்டுகிறார்கள் என்று பார்ப்பீர்கள். வீட்டில் நானும் அப்படித்தான் எல்லாரையும் மாட்டிவிடுவேன்; நாம் இரண்டு பேரும் ஒரே தொழில்தான் அப்பா. உங்களுக்குச் சம்பளம், எனக்குத் திட்டு.

நீங்கள் வகுப்பெடுக்கப் பேசிப் பழகியதையெல்லாம் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் உங்கள் குரலைச் செய்தேனே. அந்தக் குரலில் போன் போட்டு, சாப்பிட நாலு பேர் வருவதாகச் சொன்னதும் அம்மா உலையே வைத்துவிட்டாள். சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சட்டம் போட்டீர்கள்: திங்கட்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு புதுச் சொல். போனில் யார்மேல் சந்தேகம் வந்தாலும் அதைக் கேட்கவேண்டும். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நான் கடவுச்சொல்லை ‘கடவுள் சொல்’ என்று படித்தேன். நீங்கள் ஏன் திருத்தவேயில்லை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டீர்கள். மறுநாளுக்குச் சொல் வைக்க ஆளில்லை. அதற்குப் பிறகு சொல்லே இல்லை.

போன வாரம் காலேஜ் விட்டு வந்து செம்பூர் வீட்டுக் கதவைத் திறந்தால், ஹாலில் உங்கள் குரல். “சாப்ட்டியா?” அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பதில் சொல்கிறாள். எதிரே என் பழைய லேப்டாப். கேட்டதற்குத் தானாகவே பதில் பேசும்படி அதைச் செய்துவைத்தவளும் நான்தான். அம்மா வாசலைத் தாண்டியே பல நாளாகிறது, அத்தை கூப்பிட்டாலும் எடுப்பதில்லை என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூடப்போனேன். “இருக்கட்டும்ட்டி. சத்தந்தான,” என்றாள்.

என்ன தோன்றியதோ, அந்தக் குரலிடமே கேட்டேன்: “அப்பா, இந்த வாரச் சொல் என்ன?”

“முருங்கைக்காய்,” என்றது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உங்கள் அதே கனிவு, பேச்சுக்கு முன்னால் வரும் அதே சின்னச் செருமல்.

அம்மாவின் கத்தி நின்றது. பெரிய அதிகாரிகள் கூட்டத்தில்கூட எழுந்து நின்று, தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றவர் நீங்கள். அதனாலேயே ஒருமுறை பதவி உயர்வு தள்ளிப்போனதை அம்மா எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள்!

“இது அவுக இல்லட்டி,” என்றாள் மெதுவாக. “தெரியாட்டா தெரியாதும்பாக. அழிச்சிரு.”

அழித்தேன். கடைசி வரைக்கும் அது சாப்ட்டியா, சாப்ட்டியா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் அம்மா தானாகவே அத்தையைக் கூப்பிட்டாள்.

இனித் திங்கட்கிழமைச் சொல்லை நான் வைக்கிறேன், சத்தியமாக. உங்கள் குரலில் யார் கூப்பிட்டாலும் கேட்பேன். நான் வைத்த சொல் உங்களுக்குத் தெரியாதே, அதனால் ஏதாவது ஒரு சொல் பதிலாக வந்தால் உடனே போனை வைத்துவிடுவேன். பதிலே வராமல் லைன் மட்டும் திறந்திருந்தால், வைக்கமாட்டேன் அப்பா.

நீங்கள் பெற்ற வைரஸ்,
உங்கள் ஒரே மகள்