நான்காவது காலின் உட்புறம்

ஜெனீவா, புதன்கிழமை

கோபக்கார நண்பனுக்கு,

துகள்களைப் பிடிக்கும் கருவி நேற்று நம் நான்கு கால் தாங்குசட்டத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. மைனஸ் முப்பது டிகிரிக்குக் குளிரவைத்தோம், சட்டம் சுருங்கியது. சூடாக்கினோம், தலைமுடி அளவுகூடப் பிசகாமல் பழைய இடத்துக்கே வந்து நின்றது! "சட்டத்தை இன்னும் இளைக்க வை" என்று உயிரை எடுத்த விஞ்ஞானிகளே எழுந்து கைதட்டினார்கள்.

ஒரு காலை மட்டும் இறுக்கி, மற்ற மூன்றையும் நகர விட்டிருந்தேன். நீ அன்று கத்தியது இதைத்தானே? நான்தான் நான்கையும் இறுக்க வைத்தேன். குளிரில் அந்த முதல் சட்டம் விரிசல் விட்டபோது எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நான் என் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரோட யோசனை இது?" என்றான் கிரேன் ஓட்டும் பாஸ்தியன். அத்தனை பேர் முன்னாலும் உன் பெயரைச் சொன்னேன்.

"அடக் கடவுளே, அந்த மனுஷனையா நாம துரத்தினோம்?"

"நாம இல்லடா. நான்."

கருவியை மூடுவதற்கு முன் கட்டியவர்கள் உள்ளே பெயர் எழுதுவது நம் வழக்கமாயிற்றே. நான்காவது காலின் உட்புறத்தில் உன் பெயரை ஊசியால் கீறினேன். பக்கத்தில் இடமிருந்தது, என் பெயரை எழுதவில்லை. இனிப் பத்து வருடத்துக்குக் கருவியைத் திறக்க மாட்டார்கள்; அதுவரை அதை யாராலும் அழிக்க முடியாது, என்னாலும்கூட.

இப்படிக்கு,
அன்று வாய் திறக்காதவள்