டீ கொடுக்கப் போன அறையில் கேட்ட குரல்

மகள் அன்புச்செல்விக்கு அம்மா எழுதுவது.

அன்று பிரின்சிபால் அறையில் பிரின்சிபால் அம்மா, சிந்துஜா மேடம், பாலாஜி சார், ஹாஸ்டல் சமையல்கட்டிலிருந்து டீ எடுத்துப் போன நான், இவ்வளவு பேர்தான் இருந்தோம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுங்கள். எனக்கு முட்டிவலி கம்மிதான். இதைப் பயப்படாமல் படி.

பிள்ளைகளுக்குப் பாடம் எப்படி ஏறுகிறது என்று ஆராய, பல்கலைக்கழகம் சிந்துஜா மேடத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறது. அதற்காகப் போன வருஷம் வகுப்புகளில் பேச்சைப் பதிவு செய்தார்களாம். அதில் ஒன்றைப் போட்டார்கள்.

"சார், புரியல. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

நம் கீதாதான். காமாலையில் நம்மை விட்டுப் போவதற்கு முந்தின மாசம் பேசியது. டீத்தட்டை மேசையில் வைத்துவிட்டேன்.

"எத்தினி வாட்டி சொல்றது? உட்காரும்மா" என்றது பாலாஜி சாரின் குரல். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் அவள் வாயே திறக்கவில்லை என்று மேடம் சொன்னார்.

"அது என் பேத்திம்மா" என்றேன்.

மேடம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்கம்மா வந்து கையெழுத்து போட்டா இந்தக் குரலைக் குடுத்துடறேன் பாட்டி."

சீக்கிரம் வா. வரும்போது அவள் போர்வையைக் கொண்டு வா. வேங்கிக்காலில் நான் குடியிருக்கும் அறையில் ஒருத்தியாகப் படுத்தால் குளிர் ஜாஸ்தி. ஹாஸ்டலில் கிரைண்டர் ஓடும்போதும் "இன்னொரு வாட்டி" என்றுதான் கேட்கிறது.

உலை கொதிக்கிறது, முடிக்கிறேன். சிரித்த பிள்ளைகளை விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் அவளுக்குப் பாடம் எடுத்துவிட்டு, "உங்க பேத்தி பேர் என்னங்க?" என்று என்னிடம் கேட்ட பாலாஜி சாரை மட்டும் என் கட்டை வேகும்வரை மன்னிக்கமாட்டேன்.