டிவிக்குப் பின்னால் கிளைட்

எண்ணெய்க் கிணற்று முகாம், வடக்கு டகோட்டா

அன்புள்ள ஆர்லீன்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. கேடெல்லாம் என்னோடு அறையில் தங்கியிருக்கும் கிளைடுதான். டிவி ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறியபின், டிவிக்குப் பின்னால் ஆன்டெனா பக்கத்தில் அந்தத் தடியன் உட்கார்ந்தால்தான் படம் நிற்கிறது. எழுந்தால் கட்டம் கட்டமாக உடைகிறது.

"நான் எழுந்தா உன் ஹாக்கி செத்துச்சு. போய் காபி போட்டுக் கொண்டுவாடா!" என்பான். நடுநடுவே, "யாருடா கோல் போட்டது?" என்று நச்சரிப்பான். நான் வாயே திறப்பதில்லை.

நேற்று அவன் ஊருக்குப் போனான். சனியன் தொலைந்தது என்று அவன் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். சத்தம் தடங்கலின்றி வந்தது. அங்கிருந்து தெரிவதோ டிவியின் முதுகுதான்.

ஆன்டெனாவைக் கூரைக்கு ஏற்ற நீளமான வயர் அனுப்பு, அவன் திரும்புவதற்குள். அவனுக்கெல்லாம் என்னால் பதில் சொல்ல முடியாது. அவனே பார்த்துத் தொலையட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

வெர்ன்