தில்லையம்பலத்தின் பெயரில் ஒரு பிழை

லா சப்பேல், பாரிஸ்
12 ஆகஸ்ட் 2026

அன்புள்ள யசோதினி,

நீ அமெரிக்காவுக்குப் பேஸ்பால் விளையாடப் போனதால் நான் உன்னைக் கைவிட்டுவிட்டேன் என்று ரூ பெர்தொனே தெருவில் கதைக்கிறார்கள். அது உண்மையல்ல. விமான நிலையத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். கஜனின் பலசரக்குக் கடையில், நீ மூன்று வருடம் சுமந்த அதே அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருந்து, உன் ஒவ்வோர் ஆட்டத்தையும் தொலைக்காட்சியில் பார்த்துப் பந்து பந்தாகக் கொப்பியில் குறிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறாவது சுற்றில் பந்து கல்லில் பட்டுத் திசை மாறியது. யாராலும் அதைப் பிடித்திருக்க முடியாது. ஆனால் நீ பிடிக்கத் தவறியதாகப் புள்ளிப் பலகையில் ‘தில்லையம்பலம்: பிழை’ என்று போட்டார்கள்.

“அன்ரி, உந்தப் பிழையளை எண்ணித்தான் அடுத்த வருசம் ஆளை வைச்சிருப்பினம்,” என்றான் கஜன்.

உனக்கு அது குடும்பப் பெயர். எனக்கு அது உன் அப்பா. நான் ஒருநாளும் வாயால் சொல்லாத பெயர். இருபத்தெட்டு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியும் ஒன்றைக்கூட உடைக்காதவர். அவர் பெயருக்கு நேரே பிழை நிற்க விடமாட்டேன். பிழை குறிக்கும் அலுவலருக்கு, கன்னியர் மடப் பள்ளியில் படித்த ஆங்கிலத்தில், இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன்.

இதனால் உனக்குத் தலைக்கனம் வேண்டாம். இரண்டாவது சுற்றில் நீ நின்ற இடம் சரியில்லை.

அம்மா

28 ஆகஸ்ட் 2026

அன்புள்ள அம்மா,

அலுவலருக்கு நீங்கள் எழுதிய கடிதம் பயிற்றுநரின் கைக்கு வந்து, அவர் அதை அணி முழுவதற்கும் வாசித்துக் காட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆட்டத்தின் படப்பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்துப் பிழையை நீக்கிவிட்டார்கள். உங்களுக்கு வேலை ஏதும் வேண்டுமா என்று பயிற்றுநர் கேட்டார்.

அடுத்த வருடத்துக்கும் ஒப்பந்தம் எழுதியாயிற்று. முதல் ஆட்டத்துக்காவது வருவீர்களா?

இரண்டாவது சுற்று பற்றி நீங்கள் எழுதியது சரிதான்.

யசோ

21 செப்டம்பர் 2026

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இறுதியாட்டத்தின் கடைசிப் பந்தை நீ பாய்ந்து பிடித்தபோது கடையில் ஒருவரும் சாமான் வாங்கவில்லை. எல்லோரும் உன் சட்டையின் முதுகிலிருந்த பெயரைக் கூவினார்கள். நானும் கூவினேன்.

“அன்ரி, அங்கிளின்ரை பேரைச் சொல்லிப் போட்டீங்களே,” என்றான் கஜன்.

“ஓம். இன்னொருக்கால் சொல்லட்டோ?” என்று கேட்டேன். சொன்னேன்.

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். மைதானத்தில் எந்தப் பக்கம் இருந்தால் உன் முதுகு நன்றாகத் தெரியும்? தொலைபேசியில் சொல்லாதே. எழுத்தில் பதில் அனுப்பு.

பூரணி தில்லையம்பலம்